‘வெரி’க்கு அடுத்து எந்தச் சொல்? ஆங்கிலத்தில் அழுத்தச் சொற்களைப் பிழையில்லாமல் எழுத ஒரு வழிகாட்டி

மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது என் நோக்கக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் வொர்க்டு ஹார்ட்லி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதி அனுப்பினேன். மூன்று வருஷம் கடுமையாக உழைத்தேன் என்பதுதான் நான் சொல்ல வந்தது. படிப்பவருக்குப் போய்ச் சேர்ந்ததோ, மூன்று வருஷமாகக் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை என்கிற மாதிரியான ஒரு குழப்பம். கணினி அதன் கீழே ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை, ஏனென்றால் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நான்கு இடங்களுக்கு அதே கடிதம் போன பிறகு, ஆங்கிலத்தில் நன்றாக எழுதும் ஒரு தோழி பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினாள். அந்த ஒரு பக்கத்தில் பதினோரு வட்டங்கள் இருந்தன. இலக்கணம், காலம், ஒருமை பன்மை எல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. வட்டம் விழுந்ததெல்லாம் ‘மிக’, ‘ரொம்ப’, ‘கடுமையான’, ‘அவ்வளவு’ என்று மனதில் நினைத்து நான் ஆங்கிலத்தில் எழுதிய இடங்களில்.

இந்த மாதிரி அழுத்தம் கூட்டும் சொற்களை இங்கே அழுத்தச் சொற்கள் என்றே சொல்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், வாய்விட்டு வாசித்தால் சட்டென்று பிடிபடும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன், நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் எந்த ஆவணம் என்று பாருங்கள்

நண்பருக்கு எழுதும் மெயிலில் ‘சோ ஹேப்பி’, ‘ப்ரெட்டி குட்’, ‘சூப்பர் எக்சைட்டட்’, ‘டோட்டலி அக்ரீ’ எல்லாம் அழகாக இருக்கும். வேலைக்கான முகப்புக் கடிதத்திலோ பல்கலைக்கழக விண்ணப்பத்திலோ இவை நான்கும் வேண்டாம். ஆய்வுக் கட்டுரையில் இன்னும் ஒரு கண்ணி உண்டு: ‘சிக்னிஃபிகன்ட்லி’ என்ற சொல்லை ‘நிறைய’ என்ற பொருளில் போட்டுவிடாதீர்கள். புள்ளியியல் சோதனை செய்து பார்த்தீர்கள் என்றுதான் அங்கே அதற்குப் பொருள் கொள்வார்கள். சோதனை செய்யவில்லையென்றால் ‘கன்சிடரப்லி’ போடலாம், அதைவிட நல்லது எண்ணையே எழுதிவிடுவது.

இடத்தின் விலையையும் கணக்குப் பாருங்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் தன்னறிமுகப் பகுதிக்கு (இப்போது அது மூன்று கேள்விகளுக்கான பதில்கள்) இடைவெளியோடு சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள்தான் உச்சவரம்பு. ‘வெரி’ ஒன்றுக்கு, பின்னால் வரும் இடைவெளியோடு, 5 எழுத்து போகும். ‘எக்ஸ்ட்ரீம்லி’க்கு 10, ‘அப்சல்யூட்லி’க்கு 11. இருபது இடத்தில் ‘வெரி’ போட்டால் 100 எழுத்து, அதாவது உங்களைப் பற்றி உருப்படியாகச் சொல்லக்கூடிய ஒரு முழு வாக்கியம் காணாமல் போகிறது.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்களுக்குக் கணக்கு வேறு. இரண்டாம் பகுதிக் கட்டுரைக்குக் குறைந்தது 250 சொற்கள், சுமார் 40 நிமிஷம். முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொற்கள், சுமார் 20 நிமிஷம். சொற்களின் எண்ணிக்கையை எட்டுவதற்காக ‘வெரி வெரி’ என்று இட்டு நிரப்பும் ஆசை வரும். எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு சொல்வளத்துக்குப் போகிறது, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் இயல்பாகச் சேர்கிறது என்பதையும் அதில் பார்க்கிறார்கள். இட்டு நிரப்பினால் கிடைக்க வேண்டியதும் குறையும்.

2. ‘ரொம்ப’ என்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘வீடு ரொம்பப் பெரிசு’ என்று சந்தோஷமாகச் சொல்கிறோம். ‘சட்டை எனக்கு ரொம்பப் பெரிசு, போட முடியாது’ என்றும் சொல்கிறோம். தமிழில் ஒரே ‘ரொம்ப’, கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் முதலாவது ‘வெரி’, இரண்டாவது ‘டூ’ (இரண்டு ஓ உள்ள டூ). ‘டூ’ வந்தாலே அளவு மீறிவிட்டது, அதனால் ஏதோ ஒரு சிக்கல் என்று பொருள்.

‘ஷி இஸ் டூ இன்டெலிஜென்ட்’ என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதினால் ‘சரி, அதனால் என்ன பிரச்சினை?’ என்று படிப்பவர் காத்திருப்பார். பாராட்ட வேண்டிய இடத்தில் ‘டூ’ வேண்டவே வேண்டாம். ‘ஐ ஆம் டூ இன்டரஸ்டட்’ என்பதும் அப்படியே, ‘வெரி இன்டரஸ்டட்’ என்று மாற்றுங்கள்.

‘போதுமான அளவு பெரியது’ என்று நினைத்து ‘இனஃப் பிக்’ என்று எழுதுவதும் இதே குடும்பத்துப் பிழை. பண்பைச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால்தான் ‘இனஃப்’ வரும்: ‘பிக் இனஃப்’, ‘குட் இனஃப்’. பெயர்ச்சொல் என்றால் முன்னால்: ‘இனஃப் டைம்’.

3. ஏணிச் சொல்லா, உச்சிச் சொல்லா?

டயர்ட், கோல்ட், பிக், இம்பார்ட்டன்ட் எல்லாம் ஏணி மாதிரி. கொஞ்சம் களைப்பு, நல்ல களைப்பு, ரொம்பக் களைப்பு என்று படிப்படியாக ஏறலாம். இவற்றோடு ‘வெரி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’, ‘ஃபேர்லி’ சேரும். எக்ஸாஸ்டட், ஃப்ரீசிங், ஹியூஜ், பெர்ஃபெக்ட், இம்பாசிபிள் எல்லாம் ஏற்கெனவே ஏணியின் உச்சியில் நிற்பவை. அவற்றை இன்னும் மேலே ஏற்ற முடியாது, ‘முழுக்க முழுக்க அப்படித்தான்’ என்று உறுதிப்படுத்த மட்டும் முடியும். அதற்கு ‘அப்சல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’, ‘டோட்டலி’. ஆகவே ‘வெரி டயர்ட்’ சரி, ‘அப்சல்யூட்லி எக்ஸாஸ்டட்’ சரி. ‘வெரி எக்ஸாஸ்டட்’, ‘அப்சல்யூட்லி டயர்ட்’ இரண்டும் இடிக்கும்.

சந்தேகம் வந்தால் ‘ரியலி’ கைகொடுக்கும், இரண்டு பக்கமும் சேரும். ஆனால் அது பேச்சுச் சாயல் உள்ள சொல், ஒரு பக்கக் கடிதத்தில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். ‘யுனீக்’ என்றால் ஒன்றே ஒன்று, அதனால் ‘வெரி யுனீக்’ என்று எழுதுவதைக் கண்டிப்பான வாசகர்கள் பிழையாகவே எண்ணுவார்கள். விண்ணப்பத்தில் எதற்கு வம்பு, தவிர்த்துவிடுங்கள்.

‘வெரியைக் கண்ட இடத்தில் வெட்டு, அதற்குப் பதில் ஒரே பலமான சொல்லைப் போடு’ என்று நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ‘வெரி இம்பார்ட்டன்ட்’ என்பதை ‘எசென்ஷியல்’ ஆக்கலாம், நல்லதுதான். ஆனால் ‘ஐ வுட் பி வெரி கிரேட்ஃபுல்’ என்பது பணிவாக ஒன்றைக் கேட்பதற்கான பழகிய வடிவம், அதைத் தொடாதீர்கள். அதே போல ‘வெரி ஹங்ரி’யை ‘ஸ்டார்விங்’ என்று மாற்றிக்கொண்டு போய் அலுவலகக் கடிதத்தில் வைத்தால் அது வேறு விதமாகத் துருத்தும்.

4. வினைச்சொல் பக்கத்திலும், ஒப்பிடும் இடத்திலும் ‘வெரி’ வராது

‘எனக்கு மிகவும் பிடிக்கும்’, ‘மிகவும் நல்லவர்’ என்று இரண்டிலும் ஒரே ‘மிகவும்’ போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘ஐ வெரி லைக்’ வந்துவிடுகிறது. ‘ஐ ரியலி லைக் திஸ் கோர்ஸ்’ அல்லது ‘ஐ லைக் திஸ் கோர்ஸ் வெரி மச்’ என்று எழுதுங்கள். ‘வெரி மச்’ கடைசியில் போகிறது, கவனியுங்கள். ‘ஐ லைக் வெரி மச் திஸ் கோர்ஸ்’ என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அதைச் செருகக் கூடாது.

ஒப்பிடுவதற்குத் தமிழில் தனி வடிவமே கிடையாது. ‘அதைவிட இது மிகவும் நல்லது’ என்று ‘விட’ போட்டு முடித்துவிடுகிறோம். அதனால்தான் ‘வெரி பெட்டர்’, ‘மோர் பெட்டர்’ எல்லாம் வருகின்றன. ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’ என்று எழுதுங்கள். ‘எல்லாவற்றிலும் மிகச் சிறந்தது’ என்றால் ‘பை ஃபார் த பெஸ்ட்’.

5. ஜோடிகளைப் படியுங்கள், இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

என் பதினோரு வட்டங்களில் ஆறு இந்த ஒரு விஷயத்துக்காக விழுந்தவை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘கடுமையான’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான மழை, கடுமையான காய்ச்சல், கடுமையான வலி, கடுமையான குளிர், கடுமையான எதிர்ப்பு, கடுமையான போட்டி, கடுமையான உழைப்பு. தமிழில் ஒரே சொல் ஏழு இடத்திலும் உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஏழுக்கும் ஏழு சொற்கள்: மழை ‘ஹெவி ரெயின்’, காய்ச்சல் ‘ஹை ஃபீவர்’, வலி ‘சிவியர் பெய்ன்’, குளிர் ‘பிட்டர் கோல்ட்’, எதிர்ப்பு ‘ஸ்ட்ராங் ஆப்பசிஷன்’, போட்டி ‘ஃபியர்ஸ் காம்பெட்டிஷன்’, உழைப்பு ‘ஹார்ட் வொர்க்’. இவற்றை மாற்றிப் போட்டு ‘ஹெவி ஃபீவர்’, ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதினாலும் புரிந்துவிடும். ஆனால் இந்த மொழியில் புழங்காத ஒருவர் எழுதியது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஏன் இப்படி என்று கேட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழிலும் இதே கதைதான். கும்மிருட்டு என்கிறோம், பட்டப்பகல் என்கிறோம். யாராவது ‘பட்ட இருட்டு’ என்றால் காது கூசும். புத்தம் புதிது, தன்னந்தனியே, பச்சைப் பொய், செக்கச் செவேல், கன்னங்கரேல் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கே அதற்கென்று ஒரு துணை இருக்கிறது, யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: கும்மிருட்டுக்கு ‘பிட்ச் டார்க்’, பட்டப்பகலுக்கு ‘பிராட் டேலைட்’, புத்தம் புதிதுக்கு ‘பிராண்ட் நியூ’. நன்றாக விழித்திருந்தால் ‘வைட் அவேக்’, அசந்து தூங்கினால் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’. இந்த ‘ஃபாஸ்ட்’டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. எனக்கு இது உறைத்த அன்றுதான் பயம் போனது. புதிதாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை, சின்ன வயதில் தமிழில் செய்ததையே இன்னொரு முறை செய்கிறோம்.

விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் அடிக்கடி வேண்டியிருப்பவை இவை. உணர்ச்சி என்றால் ‘டீப்லி’: டீப்லி கிரேட்ஃபுல், டீப்லி சாரி, டீப்லி கன்சர்ன்ட். கருத்து சொல்லும் வினை என்றால் ‘ஸ்ட்ராங்லி’: ஸ்ட்ராங்லி ரெக்கமெண்ட், ஸ்ட்ராங்லி அக்ரீ, ஸ்ட்ராங்லி சப்போர்ட். திறமை, மதிப்பு, நடக்கும் வாய்ப்பு என்றால் ‘ஹைலி’: ஹைலி குவாலிஃபைட், ஹைலி ஸ்கில்டு, ஹைலி அன்லைக்லி. ஆனால் ‘ஹைலி ஹேப்பி’, ‘ஹைலி டயர்ட்’ கிடையாது, இந்த இரண்டையும் நான் எழுதியிருக்கிறேன். பரவலாக என்றால் ‘வைட்லி’: வைட்லி யூஸ்டு, வைட்லி அவெய்லபிள். ஒன்றைச் சார்ந்திருப்பதற்கு ‘ஹெவிலி’: ரிலை ஹெவிலி ஆன். நெருங்கிய தொடர்புக்கு ‘க்ளோஸ்லி’: க்ளோஸ்லி ரிலேட்டட். தெரிந்தே செய்தேன் என்பதற்கு ‘ஃபுல்லி அவேர்’. நோய்க்கு ‘சீரியஸ்லி இல்’, பொருள் சேதத்துக்கு ‘பேட்லி டேமேஜ்டு’. ‘பேட்லி நீட்’ என்றால் மோசமாக என்று பொருளில்லை, அவசரமாகத் தேவை என்று பொருள். ‘அட்டர்லி’ பெரும்பாலும் கெட்ட விஷயத்தோடுதான் வரும், பாராட்டில் அதை வைக்காதீர்கள்.

இந்த வரிசையை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்கள் கடிதத்தில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள். தனிச் சொல்லாக எழுதினால் நிற்காது.

சரிபார்க்கச் செலவே இல்லை. லாங்மேன் இணைய அகராதி இலவசம், பல சொற்களுக்குக் கீழே சேர்ந்து வரும் சொற்களைத் தனிப் பெட்டியாகவே கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். மழைக்கு என்ன அடைமொழி என்று தெரிய வேண்டுமென்றால் ‘ரெயின்’ பக்கத்துக்குப் போக வேண்டும், ‘ஹெவி’ பக்கத்துக்கு இல்லை. இரண்டில் எது சரி என்று தடுமாறினால் கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவரில் இரண்டு தொடர்களையும் நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து எழுதிப் பாருங்கள். அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும், அதுவும் இலவசம்தான். ஒரு கோடு மேலே போய், இன்னொன்று தரையோடு தரையாகக் கிடந்தால் பதில் கிடைத்துவிட்டது.

6. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் அழுத்தச் சொற்கள்

‘அட்டர் நான்சென்ஸ்’, ‘ஷியர் லக்’, ‘கம்ப்ளீட் ஸ்ட்ரேஞ்சர்’, ‘டோட்டல் வேஸ்ட்’. இவை பெயருக்கு முன்னால் மட்டுமே நிற்கும். ‘த நான்சென்ஸ் வாஸ் அட்டர்’ என்று பின்னால் கொண்டுபோகக் கூடாது. ‘கம்ப்ளீட்’ பின்னால் போனால் பொருளே மாறி, ‘முடிந்துவிட்டது’ என்று ஆகிவிடும்.

‘இவ்வளவு அழகான வீடு’ என்பதை ‘சோ பியூட்டிஃபுல் ஹவுஸ்’ என்று எழுதாதீர்கள். பின்னால் பெயர்ச்சொல் இருந்தால் ‘சச்’: ‘சச் அ பியூட்டிஃபுல் ஹவுஸ்’. பெயர்ச்சொல் இல்லையென்றால் ‘சோ’: ‘த ஹவுஸ் இஸ் சோ பியூட்டிஃபுல்’. முறையான கடிதத்தில் ‘சோ’ போட்டால் அதன் விளைவையும் ‘தட்’ போட்டுச் சொல்லி முடியுங்கள், வெறுமனே விட்டால் பேச்சு மாதிரி இருக்கும்.

7. ‘லி’ ஒட்டினாலே சரியாகிவிடாது

கடினம், கடினமாக. வேகம், வேகமாக. தமிழில் ‘ஆக’ ஒட்டினால் வேலை முடிந்தது. அந்த நம்பிக்கையில்தான் ‘ஹார்ட்’டோடு ‘லி’ ஒட்டினேன். ‘ஹார்ட்லி’ என்றால் ‘அரிதாக, கிட்டத்தட்ட இல்லவே இல்லை’ என்று பொருள். உழைப்புக்கு ‘வொர்க்டு ஹார்ட்’ தான், ‘லி’ இல்லாமல். அதே போல ‘லேட்’ தாமதம், ‘லேட்லி’ சமீப காலமாக. ‘நியர்’ பக்கத்தில், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘ஃபாஸ்ட்’டுக்கு ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒன்று இல்லவே இல்லை.

8. இடம் மாறினால் பொருள் மாறும்

‘ஐ ரியலி டோன்ட் லைக் இட்’ என்றால் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ‘ஐ டோன்ட் ரியலி லைக் இட்’ என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டு சொல் இடம் மாறியதில் கோபம் தயக்கமாகிவிட்டது. புகார்க் கடிதம் எழுதும்போது எதைச் சொல்ல வருகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு எழுதுங்கள்.

‘குவைட்’ என்ற சொல்லைப் பரிந்துரைக் கடிதத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள். ‘குவைட் குட்’ என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்று போகும், அமெரிக்காவில் ‘நன்றாகவே இருக்கிறது’ என்று போகும். ‘குவைட் இம்பாசிபிள்’ போல உச்சிச் சொல்லோடு வந்தால் ‘முற்றிலும்’ என்று பொருள். எங்கே யார் படிப்பார்கள் என்று தெரியாத கடிதத்தில் இந்த ஆட்டம் வேண்டாம்.

9. அனுப்புவதற்கு முன்

கடிதத்தை எழுதி முடித்ததும் உடனே திருத்தாதீர்கள், ஒரு ராத்திரி கிடக்கட்டும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாவது முதல் வரைவு கையில் இருக்க வேண்டும். மறுநாள் கண்ட்ரோல் எஃப் அழுத்தி ‘வெரி’, ‘டூ’, ‘சோ’, ‘ரியலி’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ‘டூ’வைத் தேடும்போது இரண்டு ஓ போட வேண்டிய இடத்தில் ஒரு ஓ விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது இன்னொரு சரியான சொல் என்பதால் பிழைதிருத்தி பல நேரம் விட்டுவிடும். 400 சொல் கடிதத்துக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.

ஒவ்வொன்றிலும் நின்று, இந்த இடத்தில் ஓர் எண்ணோ ஒரு செயலோ சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் கடிதத்தில் ‘ஐ கம்ப்ளீட்டட் த ப்ராஜெக்ட் வெரி வெரி ஃபாஸ்ட்’ என்று ஒரு வரி இருந்தது. ரொம்ப ரொம்ப நன்றி என்று சொல்லிப் பழகிய கை, ‘வெரி’யையும் இரண்டாகப் போட்டிருக்கிறது. ஒரு ‘வெரி’யை எடுத்தேன், ஒன்றும் குறையவில்லை. இரண்டாவதையும் எடுத்தேன். அப்போதும் ‘ஃபாஸ்ட்’ என்பது எவ்வளவு வேகம் என்று தெரியவில்லை. கடைசியில் ‘இன் த்ரீ வீக்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் சிக்ஸ்’ என்று மாற்றினேன். ஆறு வாரத்து வேலை, மூன்று வாரத்தில் முடிந்தது. அழுத்தச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்தப் பக்கத்திலேயே அழுத்தமான வரி அதுதான் என்று தோழி சொன்னாள்.

கடைசியாக எழுத்துகள். ‘ட்ரூலி’ எழுதும்போது ‘ட்ரூ’வின் இறுதியில் உள்ள ஈ போய்விடும். ‘எக்ஸ்ட்ரீம்லி’, ‘கம்ப்ளீட்லி’, ‘அப்சல்யூட்லி’, ‘சின்சியர்லி’ நான்கிலும் அந்த ஈ அப்படியே இருக்கும். ‘டெஃபினிட்லி’யில் ஏ என்ற எழுத்தே கிடையாது. தெரியாமல் ஏ போட்டுவிட்டு, பிழைதிருத்தி காட்டும் சொல்லைப் பார்க்காமல் தட்டினால் சில சமயம் ‘டிஃபயன்ட்லி’ வந்து உட்கார்ந்துவிடும். ‘கட்டாயம் வருகிறேன்’ என்று நீங்கள் எழுதியது ‘எதிர்த்துக்கொண்டு வருகிறேன்’ என்று போய்ச் சேரும். அந்த ஒரு சொல்லை மட்டும் கண்ணால் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.